காணாமற்போன மீன் எங்கே போகிறது? கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

மாலையில் தீனி போடும்போது ஆறு மீன்கள் மேலே வர வேண்டிய இடத்தில் ஐந்து மட்டுமே வருகின்றன. செத்து மிதக்கும் உடல் இல்லை, தரையில் ஈரம் இல்லை, தண்ணீரில் நாற்றமும் இல்லை. நேற்று இரவு விளக்கை அணைக்கும்போது கண்ணெதிரே நீந்திய மீன் இன்று எங்கும் இல்லை. வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் பலருக்கும் ஒருமுறையேனும் இது நேர்ந்திருக்கும்.

நேர்ந்தவுடன் பழி விழுவது பாறையிடுக்கில் நெளியும் புழுவின் மேல்தான். "ராத்திரி புழு பிடித்துத் தின்றுவிட்டது" என்று கடைக்காரரும் சொல்வார், மீன் வளர்க்கும் நண்பரும் சொல்வார். அதை நம்பிப் பாறைகளையெல்லாம் வெளியே எடுத்து, புழுக்களைத் தேடித்தேடி அப்புறப்படுத்தி, மறுவாரமே புதிய மீன் ஒன்றை வாங்கி விட்டு, அதையும் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். புழுவைத் துரத்துவதில் செலவான நாட்களில் உண்மையான காரணத்தைத் தேடியிருந்தால் அந்த இரண்டாவது மீன் பிழைத்திருக்கும் என்ற வருத்தம் இன்றும் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

மீன் காற்றில் கரைவதில்லை. அது தொட்டிக்கு வெளியே குதித்திருக்கலாம், குழாய் வழியே வேறு அறைக்குப் போயிருக்கலாம், மணலுக்குள்ளோ பாறைக்குள்ளோ உயிரோடு ஒளிந்திருக்கலாம், செத்தபின் தின்னப்பட்டிருக்கலாம், உயிரோடு வேட்டையாடப்பட்டிருக்கலாம். பாறைக்குள் மறைந்து வாழும் வேட்டைக்காரன் என்பது இவற்றுள் அரிதிலும் அரிது. பேச்சில் அதிகம் அடிபடுவதோ அதுதான்.

எறும்பு இழுத்துப் போகும் கரப்பான்பூச்சி

சமையலறை மூலையில் இரவில் ஒரு கரப்பான்பூச்சி செத்துக் கிடக்கிறது. காலையில் பார்த்தால் இறக்கையும் இரண்டு கால்களும் மட்டும் மிஞ்சியிருக்கும். மற்றதையெல்லாம் எறும்புகள் வரிசையாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த வரிசையைப் பார்த்து, எறும்புதான் கரப்பானைக் கொன்றது என்று யாரும் சொல்வதில்லை. முந்தின நாள் அடித்த மருந்தில் அது செத்தது என்று நமக்குத் தெரியும். உடலைத் தின்றது யார், உயிரைப் போக்கியது எது என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். சமையலறையில் இயல்பாகப் புரியும் இந்த வேறுபாடு மீன்தொட்டியின் முன்னால் நிற்கும்போது நமக்கு மறந்துபோகிறது.

கடல்நீர்த் தொட்டியில் எறும்பின் வேலையைச் செய்யும் உயிர்களை ஒட்டுமொத்தமாகத் தூய்மைப் படை என்று அழைக்கிறோம். மிச்சம் விழுந்த தீனியையும் பாசியையும் செத்த உடலையும் தின்று தீர்ப்பவை என்பது அதன் பொருள். காலியான சங்கில் குடியிருக்கும் துறவி நண்டு, மணலுக்குள் புதைந்து கிடந்து இறைச்சி வாடை பட்டவுடன் கிளம்பும் நசாரியஸ் நத்தை, பாறையிடுக்கிலிருந்து மெல்லிய நீண்ட கைகளை நீட்டும், நட்சத்திர மீனுக்கு உறவான பிரிட்டில் ஸ்டார், உடலின் இரு ஓரங்களிலும் முள்மயிர் வரிசை கொண்ட பிரிஸ்டில் புழு ஆகியவை இப்படையில் அடங்கும். நண்டையும் நத்தையையும் நாம் காசு கொடுத்து வாங்கி விடுகிறோம். புழுக்கள் பெரும்பாலும் பாறையோடும் பவளத்தோடும் தாமாக வந்து சேர்பவை.

எல்லாப் பழியையும் சுமக்கும் பிரிஸ்டில் புழுவின் வாயைச் சற்று கவனிக்க வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் வழக்கமாகக் காணப்படும் வகைகளுக்குக் கடித்துப் பிடிக்கும் தாடை கிடையாது. மென்மையான குழல் போன்ற வாய்ப்பகுதியை வெளியே பிதுக்கி, இளகிப்போன சதையைச் சுரண்டி உள்ளே இழுத்துக்கொள்வதுதான் அவை உண்ணும் முறை. தாடையில்லாமல், தரையோடு தரையாக மெதுவாக ஊரும் ஒரு புழு, நலமாக நீந்தும் மீனைத் துரத்திப் பிடிக்க இயலாது. கையால் தொட்டால் முள்மயிர் தோலில் ஏறி எரியும் என்பதால் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. அதைத் தாண்டி அஞ்ச வேண்டியதில்லை.

ஓர் இரவில் நடந்தது

என்னுடைய 200 லிட்டர் தொட்டியில் பாங்காய் கார்டினல் என்னும் கறுப்புக் கோடு போட்ட சிறு மீன் ஒன்று இருந்தது. ஒரு நாள் மாலை அது தீனிக்கு வரவில்லை; பின்பாறையின் நிழலில் ஒருபக்கமாகச் சாய்ந்து வேகவேகமாக மூச்சுவிட்டது. இரவு ஒன்பது மணிக்குப் பாறைக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. செவுள் அசையவில்லை. பாறையைக் கலைத்தால் மற்ற மீன்கள் மிரளும் என்பதால் காலையில் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பத்தரை மணிக்கு, டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். முதுகெலும்பில்லாத கடல்வாழ் உயிர்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாகப் புலப்படாது. ஆகவே அவை ஓடி ஒளியாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்கு நத்தைகள் தும்பிக்கை போன்ற குழலை வயிற்றுப் பக்கம் நுழைத்திருந்தன. பாறைக்கு அடியிலிருந்து விரல் நீளப் புழுக்கள் மூன்று பாதி உடலை வெளியே நீட்டி, செவுள் மூடிக்குள் தலையை விட்டிருந்தன. ஒரு துறவி நண்டு வாலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு நகத்தின் நீளத்துக்கு முதுகெலும்புத் துண்டு ஒன்று மட்டும் மணலில் கிடந்தது. பிற்பகலில் அதையும் காணவில்லை. முந்தின மாலை அந்த மீனை நான் பார்க்காமல் இருந்திருந்தால், நள்ளிரவில் புழுக்களை மட்டும் கண்டிருந்தால், கொன்றது புழுதான் என்று நானும் சத்தியம் செய்திருப்பேன்.

இவ்வளவு விரைவாக ஓர் உடல் தீர்ந்துபோவது எப்படி? ஐந்து சென்டிமீட்டர் மீனின் எடை இரண்டு மூன்று கிராம்தான். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எலும்பு நூல் போல மெல்லியது. தொட்டியின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் இருப்பதால் சதை விரைவில் இளகிவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், நலமாக நடக்கும் தொட்டி தன் பிணங்களைத் தானே அகற்றிக்கொள்கிறது. உடல் கிடைக்காதது மர்மத்தின் அடையாளமல்ல, தூய்மைப் படை இருப்பதன் அடையாளம். ஆனால் அதே படை, மீன் ஏன் செத்தது என்று காட்டக்கூடிய சான்றையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

தண்ணீர் ஏன் கெட்டுப்போகவில்லை?

"செத்திருந்தால் தண்ணீர் சோதனையில் தெரிந்திருக்குமே" என்பது அடுத்த ஐயம். நியாயமான ஐயம்தான், சிறு கணக்கு ஒன்று போட்டால் தெளிந்துவிடும்.

உடல் அழுகும்போது அதிலுள்ள புரதம் சிதைந்து அமோனியா வெளிப்படுகிறது. அமோனியா என்பது நைட்ரஜன் அடங்கிய, மீனின் செவுளைச் சுடும் நச்சுப் பொருள். மூன்று கிராம் மீனில் ஏறத்தாழ அரை கிராம் புரதம் இருக்கும். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். அது முழுவதும் ஒரே நேரத்தில் அமோனியாவாக மாறினாலும் கிடைப்பது 100 மில்லிகிராம் அளவே. 200 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு அரை மில்லிகிராம். நடைமுறையில் அது ஒரே நேரத்தில் வெளிவருவதில்லை. பெரும்பகுதி நத்தை, புழு ஆகியவற்றின் வயிற்றுக்குள் போய், அவற்றின் கழிவாகப் பல நாட்களில் சிறிது சிறிதாக வருகிறது. அப்படி வருவதையும் பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நச்சைப் படிப்படியாகத் தணிக்கும் இந்த மாற்றத்துக்கு நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். ஆகையால் சோதனைக் குப்பியில் நிறம் மாறாமலே போகலாம்.

இதே மூன்று கிராம் மீன் 40 லிட்டர் சிறு தொட்டியில் செத்தால் உச்ச அளவு ஐந்து மடங்காகி லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராமைத் தொடக்கூடும். 60 கிராம் எடையுள்ள டாங் மீன் 200 லிட்டரில் செத்துக் கிடந்தால் பத்து மில்லிகிராம். அதைத் தூய்மைப் படை ஓர் இரவில் தின்று முடிக்க முடியாது, பாக்டீரியாவும் ஈடுகொடுக்க முடியாது. மற்ற மீன்களும் சேர்ந்து சாகும். எனவே பெரிய மீன் காணாமற்போனாலும் சரி, தொட்டி சிறியதானாலும் சரி, உடலைத் தேடியே ஆக வேண்டும். பெரிய தொட்டியில் சிறு மீன் போனால் பாறையைப் பெயர்க்க வேண்டியதில்லை.

குதித்த மீனும் வழிந்து போன மீனும்

ஏரி விரால் வாங்கப் போனால், மீன்காரர் குண்டானின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடியிருப்பதைப் பார்க்கலாம். மூடாவிட்டால் அது துள்ளித் தரையில் விழும். கடல் மீன்களிலும் அப்படிக் குதிப்பவை உண்டு. ராஸ், ஜாஃபிஷ், மெல்லிய உடலும் நீண்ட முதுகுத்துடுப்பும் கொண்ட ஃபயர்ஃபிஷ் ஆகியவை இதில் முன்னணியில் நிற்பவை. மிரட்டும் மீன் துரத்தும்போதும், அறை விளக்கு திடீரென்று எரியும்போதும் அணையும்போதும் அவை மேல்நோக்கிப் பாய்கின்றன. கடலில் அப்படிப் பாய்ந்தால் மீண்டும் கடலிலேயே விழலாம். இங்கே இரண்டடி அகலத்துக்கு அப்பால் தரை.

வயர் நுழைவதற்காக மூடியில் விட்ட இரண்டு விரல் இடைவெளியே போதும். உடல் விழும் இடம் பெரும்பாலும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, மேசைக்குப் பின்னால், மோட்டார் வயர்களுக்கு அடியில். நம் வீடுகளில் அங்கும் எறும்பு வந்துவிடும். பூனை இருந்தால் தேடியும் பயனில்லை. சில நாள் கழிந்திருந்தால் கருவாடாகக் காய்ந்து, நிறம் போய், குச்சி போலக் கிடக்கும். கண்ணாடி மூடியை இறுக்கி மூடினால் வெப்பம் தங்கும், காற்றுப் பரிமாற்றம் குறையும். ஆகவே நுண்கண் வலை பொருத்திய சட்டமே ஏற்றது.

குழாய் வழியே போகும் வழி வேறு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஓர் அளவுக்கு மேல் நீர் ஏறினால் வழிகுழாயில் வெளியேறுவது போல, பல கடல்நீர்த் தொட்டிகளில் மேல்மட்ட நீர் ஒரு சீப்புப் பல் தடுப்பைத் தாண்டி ஓவர்ஃப்ளோ அறையில் விழுகிறது. அங்கிருந்து கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப்புக்குப் போகிறது. சம்ப் என்பது வடிகட்டும் கருவிகளை வைக்கும் கீழ்த்தொட்டி. அங்கு சுத்தமான நீரை மோட்டார் மீண்டும் மேலே ஏற்றுகிறது. சிறு மீன் தடுப்பைத் தாண்டிவிட்டால் ஓவர்ஃப்ளோ அறையின் இருட்டிலோ சம்ப்பிலோ, அடித்து வரும் தீனித் துணுக்கைத் தின்றுகொண்டு, வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடும். காணாமற்போன மீன் உயிரோடு திரும்பக் கிடைக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பதால், நான் எப்போதும் இங்கிருந்துதான் தேடத் தொடங்குகிறேன்.

மணலுக்குள் தூங்கும் மீன்

ஹாலிகோரஸ் என்னும் பேரினத்து ராஸ் மீன்கள் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. புதிய தொட்டிக்கு வந்தவுடன், பயண அயர்ச்சியாலும் அச்சத்தாலும் பகலிலும் வெளியே வராமல் கிடப்பதுண்டு. நான் வாங்கி விட்ட மஞ்சள் ராஸ் முதல் நாள் மணலில் தலைகீழாகப் பாய்ந்தது. அதன்பிறகு பதினோரு நாட்கள் கண்ணில் படவே இல்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டியிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை, முன்கண்ணாடியை ஒட்டி ஒரு பிடி மணல் தானாக உயர்ந்தது; கடுகளவு கறுப்புக் கண் ஒன்று வெளியே வந்து நெடுநேரம் சுற்றிப் பார்த்தது; பிறகு எலுமிச்சை நிற உடல் முழுவதும் எழுந்து, நேராகத் தீனிப் பக்கம் போனது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மணலைக் கிளறித் தேடியிருந்தால் அதைக் காயப்படுத்தியிருப்பேன்.

இதுவரை பார்த்ததில் கொலையாளி என்று யாரும் இல்லை. குதித்தது, வழிந்தது, ஒளிந்தது, தானாகச் செத்துத் தின்னப்பட்டது ஆகிய நான்கும் கழிந்த பிறகே வேட்டையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உண்மையான வேட்டைக்காரர்கள்

முதல் சந்தேகம், நாமே தெரிந்து வாங்கி விட்ட உயிர்களின் மேல் விழ வேண்டும். சிங்கமீன், களவா, தவளைமீன் ஆகியவற்றின் வாய்க்குள் நுழையக்கூடிய எந்த மீனும் அவற்றுக்கு இரைதான். தவளைமீன் தன் உடல் நீளத்துக்கு இணையான மீனையும் விழுங்கிவிடும். கம்பள வகைக் கடற்சாமந்தி, கோமாளி மீனுக்கு வீடாக இருந்தாலும், தன்மேல் தட்டுத்தடுமாறி விழும் மற்ற மீன்களைக் கொட்டி மடக்கித் தின்றுவிடும். பச்சை நிறப் பெரிய பிரிட்டில் ஸ்டார் வகை ஒன்று தன் உடலைக் கூடாரம் போல உயர்த்தி வைத்துக்கொண்டு, ஒதுங்கத் தேடி அடியில் வரும் சிறு மீனைச் சுருட்டிப் பிடிப்பதும் உண்டு. தூய்மைப் படையில் இந்த ஒன்றை மட்டும் நான் சேர்ப்பதில்லை.

அடுத்தது, அழைக்காமல் வந்தவை. கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியேறிய நுண்துளைப் பாறைக்கு லைவ் ராக் என்று பெயர். அதன் பொந்துகளில் மாண்டிஸ் இறால் மறைந்து வரலாம். அதன் அடிக்கும் வகைகளில் ஒன்றான மயில் மாண்டிஸ் இறாலின் முன்கால் வீச்சு நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. தொட்டியில் இரவில் "டக், டக்" என்று சொடுக்கும் ஓசை கேட்டால் அதை ஐயுறலாம். யூனிசிட் குடும்பத்துப் பெரும்புழு மற்றொன்று. தலையில் ஐந்து உணர்கொம்புகள், வானவில் பளபளப்பு, வலிய தாடைகள் ஆகிய மூன்றும் அதைச் சாதாரணப் பிரிஸ்டில் புழுவிலிருந்து பிரித்துக் காட்டும். 2009-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள நியூக்கி நகரின் ப்ளூ ரீஃப் காட்சியகத்தில் பவளங்கள் துண்டாவதும் மீனுக்குக் காயம் படுவதும் தொடர்ந்தன. பொறி வைத்தும் எதுவும் சிக்காமல், கடைசியில் காட்சித் தொட்டியைப் பாறை பாறையாகப் பிரித்தபோது ஏறத்தாழ நான்கடி நீளப் புழு ஒன்று வெளிப்பட்டது. புழுப் பயம் இவ்வளவு பரவியதற்கு இது போன்ற செய்திகளுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அவை உண்மைதான். ஆனால் அது அரிதானது என்பதால்தான் செய்தியானது.

இந்தியாவில் இது இன்னும் அரிதாக இருக்க ஒரு காரணம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் கடினப் பவளங்கள் சேர்க்கப்பட்டன; மன்னார் வளைகுடாவிலிருந்தோ வேறு இந்தியக் கடலிலிருந்தோ பவளப்பாறையைப் பெயர்த்து எடுப்பது குற்றம். உலர்ந்த பாறையையும் சுட்டமண் பாறையையும் வைத்துத் தொட்டியைத் தொடங்கியவர் வீட்டில் மாண்டிஸ் இறால் வர வழி மிகக் குறைவு.

ஒன்றன்பின் ஒன்றாகப் போனால்

ஒரு மீன் மறைவது ஒரு செய்தி. பத்து நாளில் மூன்று மறைவது முற்றிலும் வேறு செய்தி. அப்போது எல்லோரும் வேட்டைக்காரனைத் தேடுகிறார்கள், தேட வேண்டியதோ நோயை. வெல்வெட் என்று அழைக்கப்படும் அமைலூடினியம் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி முதலில் செவுளில் பற்றுகிறது. தோலில் மாவு தூவியது போன்ற மங்கல் தெரிவதற்கு முன்பே மூச்சைத் திணறடித்து, சில நாட்களில் கொன்றுவிடக்கூடியது. நோயுற்ற மீன் ஒதுங்கி ஒளியும், இரவில் சாகும், விடிவதற்குள் தின்னப்படும். வீட்டார் காண்பது காணாமற்போதலை மட்டுமே.

ஆக்சிஜன் குறைவும் இப்படித்தான் தடயமின்றிக் கொல்லும். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவே ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறைகிறது. இரவில் பாசி ஆக்சிஜனை உண்டாக்காது, எல்லா உயிர்களும் உறிஞ்ச மட்டுமே செய்யும். கோடை இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போய் மோட்டார் நின்றால், முதலில் திணறுவது பெரிய, ஓயாமல் நீந்தும் மீன்கள்.

தேடும் வரிசை

ஓவர்ஃப்ளோ அறை, சம்ப், வடிகட்டும் துணிப்பை, மோட்டார் உறிஞ்சும் வாய் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு தொட்டியைச் சுற்றி ஆறடிக்குள் தரையையும் அலமாரிக்கு அடியையும். அன்றே அமோனியாவைச் சோதியுங்கள். இரவு, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளியில் பாருங்கள். மணலில் புதையும் இனமானால் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். தீனியை வழக்கமான அளவிலேயே போடுங்கள், கூட்ட வேண்டாம்.

காரணம் தெரியாத வரை புதிய மீன் வேண்டாம். நோய் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் குறைந்தது ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த வாரங்களில், மீதமுள்ள மீன்களின் செவுள் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று நாள்தோறும் காலையில், தீனி போடுவதற்கு முன் எண்ணி, தொட்டியின் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நலமான நாளில் எழுதிய எண் கையில் இருந்தால்தான், அது ஏறத் தொடங்கும் காலையை அடையாளம் காண முடியும்.